அடிக்கு ஒரு நூல் வாட்டம்

நான் போட்ட தரையில் தண்ணீர் நிற்காது. நானே என்னைப் புகழ்ந்துகொள்கிறேன் என்று நினைத்தால், மலை மேல் எங்கள் குண்டூர் நாட்டில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள். நின்று யோசிக்காமல் வாசலைப் பார்த்து ஓடும். முப்பத்திரண்டு வருஷமாகக் கொத்தனார் வேலை. மலையில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை. அதனால் எங்கள் பக்கத்தில் தரை என்றாலே வாட்டம்தான். அடிக்கு ஒரு நூல். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் நூல். அவ்வளவு சரிவு ஒரு பக்கமாக இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சமையல்கட்டோ மாட்டுக்கொட்டகையோ பள்ளிக்கூட வராந்தாவோ, என் கை தானாகவே அந்த வாட்டத்தைக் கொடுத்துவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கை என்ன செய்து வைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பூங்குழலியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காரவள்ளியில் மலை ரோடு ஏறத் தொடங்கும் இடத்தில், டீக்கடைக்கு எதிரே, ஒரு தகர ஷெட் இருக்கிறது. ‘பூங்குழலி வீல் அலைன்மெண்ட்’ என்று பெரிதாகவும், அதற்குக் கீழே ‘இங்கே பார்த்த வண்டி ஒரு பக்கம் இழுக்காது’ என்று அதைவிடப் பெரிதாகவும் எழுதிய போர்டு அதில் தொங்குகிறது. போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே யாராவது மீசைக்காரர் இருப்பார் என்று எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஷெட்டின் மூலையில் நீலச் சட்டை, தலையில் துண்டு, கையில் ஸ்பேனரோடு முப்பத்தாறு வயதுப் பெண் நிமிர்ந்து, “என்னங்க, எந்தப் பக்கம் இழுக்குது?” என்று கேட்பாள். அவள்தான் பூங்குழலி.

எங்கள் குண்டூர் நாட்டுப் பெண். அவள் அப்பா சின்னுசாமி மரவள்ளியும் மிளகும் போடுகிறவர். உறவு முறையில் நான் அவளுக்கு மாமா. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நாமக்கல்லில் ஒரு லாரி பட்டறையில் ஏழு வருஷம் வேலை பார்த்தாள். அவள் புருஷன் பூபதி மலைக்குப் போகிற பஸ்ஸில் டிரைவர். நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த ஷெட்டைப் போட்டாள். எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறி இறங்கினால் நூற்று நாற்பது. அத்தனையிலும் திரும்புகிற வண்டிக்குச் சக்கரம் கொஞ்சம் கோணியிருந்தாலும் டயர் மூன்று மாதத்தில் வழுக்கையாகிவிடும். கடை போட அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கம்ப்யூட்டர் மெஷின் கிடையாது. வண்டியின் இரண்டு பக்கமும் நூல் கட்டி, டேப் பிடித்து அளப்பாள். சக்கரத்தின் சாய்வு பார்க்கக் குமிழி வைத்த ஒரு கேஜும் உண்டு. ஆனால் வேறு எங்கேயும் இல்லாத ஒரு பழக்கம் அவளிடம் உண்டு. எந்த வண்டியையும் காலியாக அளக்கமாட்டாள். மிளகு மூட்டை ஏற்றுகிற ஜீப் என்றால் மூட்டையோடு வர வேண்டும். இல்லையென்றால் ஷெட்டின் ஓரத்தில் அடுக்கியிருக்கும் மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளை ஏற்றுவாள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புக்கட்டியால் எடை எழுதியிருக்கும். நாமக்கல்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் ஒருநாள் கேட்டேன்.

“வெறும் வயித்துல அளவெடுத்துத் தச்ச சட்டை சாப்பிட்டா பத்துமுங்களா மாமா?” என்றாள்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. எனக்கே தொப்பை உண்டு.

அந்த ஷெட்டுக்குத் தரை போட்டவன் நான்தான். “மாமா, தரை மட்டமா இருக்கோணும்” என்று அவள் அன்றைக்கே சொல்லியிருந்தாள். “எனக்கே சொல்றயா கண்ணு” என்று நானும் சொல்லியிருந்தேன். காய்ந்த பிறகு வண்டி நிற்கிற நீளவாக்கில் அவள் ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நட்ட நடுவில் நின்றது. திருப்தியாகத் தலையாட்டினாள்.

நாலு வருஷம் ஒரு குறையும் இல்லை. மலையில் ஓடுகிற பாதி ஜீப்பும் மினி லாரியும் அவளிடம்தான் வந்தன. அப்புறம்தான் ஜாபர் உசேன் பாய் அந்தச் சிவப்புக் காரோடு வந்து சேர்ந்தார்.

பாய் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி. மலையில் அவரைத் தெரியாத மிளகுக்காரர் கிடையாது. ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஒரு பழைய ஜீப்பிலேயே காலம் தள்ளியவர், மகள் கல்யாணத்தை முடித்த கையோடு பெங்களூரில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டார். இரண்டே சீட். கூரை மடங்கும். தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு பூனை புகுந்து வெளியே வருவது சந்தேகம். அதற்குள் பாய் இறங்குவதையும் ஏறுவதையும் பார்க்க டீக்கடையில் தனிக் கூட்டம் கூடும். அவர் மனைவி அலிமா பீவி, “இந்த வயசுல இவருக்கு என்னமோ ஆயிருச்சு” என்று எல்லோரிடமும் சொன்னார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பாய் வந்த காரணம் சாதாரணமானது. மலையில் எங்கேயோ பள்ளத்தில் விட்டிருக்கிறார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி நேராகப் போகவில்லை. டயர் உள்பக்கமாகத் தேய்கிறது. பூங்குழலி வண்டிக்கடியில் படுத்து ஒரு மணி நேரம் பார்த்தாள். வெளியே வந்தபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் யாரோ அவளுக்குத் தங்கம் கொடுத்ததுபோல் இருந்தது.

“நாலு சக்கரத்தையும் தனித்தனியா சாய்க்கலாமுங்க பாய். நம்ம ஜீப்புல முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே இரும்புத் தண்டு. உள்ள திருப்புறதும் வெளிய திருப்புறதும்தான் நம்ம வேலை. சாய்வுல கை வெக்க முடியாது. இதுல எல்லாமே நம்ம கையில இருக்குது.”

“உன் கையில இருக்கட்டும் தங்கச்சி. எனக்கு வண்டி நேராப் போனாப் போதும்” என்றார் பாய்.

பாய்க்கு எழுபத்தெட்டு கிலோ. அலிமா பீவிக்கு எவ்வளவு என்று கேட்டதற்குப் பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “ஐம்பத்தஞ்சு போட்டுக்கோ” என்றார். அந்தக் கணக்குக்கு இரண்டு சீட்டிலும் கிழங்கு மூட்டைகளை உட்கார வைத்து, ஒரு பகல் முழுக்க வேலை பார்த்தாள். இரண்டு முன்சக்கரங்களின் சாய்வும் ஒரே அளவு வரும்வரை கேஜை வைத்து வைத்துச் சரிசெய்தாள்.

வண்டி போனது. மறுநாள் திரும்பி வந்தது. ஸ்டியரிங் நேராக நின்றது, அதில் குற்றமில்லை. ஆனால் கையைத் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் போனது. முன்பைவிட மோசமாகப் போனது. மலை ரோட்டில் அந்த இடப்பக்கத்தில் பல இடங்களில் வெறும் ஆகாயம்தான் இருக்கிறது. அலிமா பீவி எட்டாவது வளைவிலேயே இறங்கிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

பூங்குழலி மறுபடி அளந்தாள். கேஜ் இரண்டு சக்கரமும் சமம் என்றது. டயர்களை இடம் மாற்றினாள், காற்றைப் பார்த்தாள், பிரேக்கைப் பார்த்தாள். மறுபடி ரோட்டில் விட்டால் மறுபடி இடப்பக்கம். ஜீப் டிரைவர் சந்தோஷ்குமார் அதைச் செல்போனில் படம் பிடித்தான். பாய் கையை விடுவதும், சிவப்புக் கார் மெல்ல மெல்ல ஓரத்துக்குப் போவதும், பின்னால் போர்டு தெரிவதும் அதில் தெளிவாக இருந்தது. சாயங்காலத்துக்குள் மலையில் இருக்கும் அத்தனை டிரைவர்களின் வாட்ஸப்பிலும் ஓடியது.

டீக்கடைப் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். “இந்தக் கார் இழுக்குதுன்னா நம்ம ஜீப்பும் இழுத்துக்கிட்டுத்தான இருக்கும், நமக்குத் தெரியலை” என்று ஒருவன் ஆரம்பித்தான். “கிழங்கு மூட்டைய வெச்சு அளந்தா அப்படித்தான்” என்றான் இன்னொருவன். அந்த வாரம் ஏழு ஜீப் நாமக்கல்லுக்குப் போனது. சந்தோஷ்குமார் ஜீப்தான் முதலில் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பொம்பளைப் புள்ள கடையின்னா வாய் நீளுது உங்களுக்கு” என்று கத்தினேன். பூங்குழலியிடம், “காருதான் கோணல் கண்ணு, நீ என்ன பண்ணுவ” என்றேன். எவ்வளவு தைரியம் பாருங்கள் எனக்கு.

புதன்கிழமை பாய் வந்து, சங்கடப்பட்டுக்கொண்டு பேசினார்.

“தங்கச்சி, ஞாயித்துக்கெழமை மலை மேல சோளக்காடு ஊர்ல நமக்கு வேண்டியவங்க வீட்டுக் கல்யாணம். அதுக்கு அலிமாவை இந்தக் கார்ல கூட்டிட்டுப் போகணும்னு ஒரு ஆசை. முடியலைன்னா சொல்லிரு, திங்கக்கெழமை கோயம்புத்தூர் அனுப்பிடறேன். ஆனா அங்க எதுக்குக் கொண்டு போறீங்கன்னு நாலு பேர் கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது.”

பூங்குழலி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, போர்டைக் காட்டினாள். “ஞாயித்துக்கெழமைக்குள்ள நேராப் போகலீன்னா அதை நானே எறக்கிடறனுங்க பாய். நீங்க பொய் சொல்ல வேண்டியதில்லை.”

அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை. போர்டு இறங்கினால் கடையும் போச்சு.

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. பாய் சொன்ன ஐம்பத்தைந்து கிலோ. அதை எப்படிக் கேட்பது? நேராகவே கேட்டாள். போனில் அலிமா பீவியைக் கூப்பிட்டு, “அம்மா, நீங்க எடை சொல்ல வேண்டாமுங்க. வந்து ரெண்டு மணி நேரம் கார்ல உக்காந்தாப் போதும்” என்றாள். நான் ஒரு பெரிய சண்டையை எதிர்பார்த்தேன். வியாழக்கிழமை மத்தியானம் அலிமா பீவி ஒரு டப்பா முறுக்கோடு வந்து இறங்கினார்.

பாய் ஒரு சீட்டில், அவர் ஒரு சீட்டில். வண்டி எவ்வளவு இறங்கியது என்று பூங்குழலி டேப் வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தைந்துக்கு இறங்க வேண்டியதைவிட அதிகம்தான். அவள் சிரிக்கவில்லை. பாய் மட்டும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எடைக்குத் தகுந்தபடி சாய்வைக் கொஞ்சம் மாற்றினாள். ஆனால் அந்த மாற்றம் மிகவும் சின்னது, இத்தனை இழுப்புக்கு அது காரணமாக இருக்க முடியாது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் மழை பிடித்தது. ஐப்பசி மழை. காற்றோடு சாய்த்து அடித்ததில் ஷெட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. புகுந்த வேகத்தில் காருக்கடியில் ஓடி வலப்பக்கமாக வெளியேறி ஷெட்டை ஒட்டிய ஓடையில் விழுந்தது. அலிமா பீவி முறுக்கைக் கடித்துக்கொண்டே கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவாயில்லையே, எவ்வளவு தண்ணி வந்தாலும் ஒரு சொட்டு நிக்கலை. எல்லாம் அந்தப் பக்கமே ஓடிப் போகுது. யாரு போட்ட தரை?”

முப்பத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தானே உயிரோடு இருக்கிறேன். “நான்தானுங்கம்மா” என்று முன்னால் வந்தேன். “அடிக்கு ஒரு நூல் வாட்டமுங்க. மலையில எங்க போனாலும் நம்ம தரை இப்படித்தான் இருக்கும்.”

சக்கரத்துக்கடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பூங்குழலி எழுந்து வந்தாள்.

“எந்தப் பக்கத்துக்கு மாமா?”

“வலப்பக்கம் கண்ணு. ஓடை அங்கதான இருக்குது.”

“நான் மட்டமாப் போடச் சொன்னனே.”

“மட்டமாத்தான் போட்டிருக்கேன். வாட்டத்தோட மட்டம்.”

அவள் என்னைத் திட்டவில்லை. பாயிடம் போய், “காரை வெளிய எடுத்து, திருப்பி ரிவர்ஸ்ல உள்ள விடுங்க” என்றாள். அலிமா பீவியை இறங்க விடவில்லை. இதுவரை மூக்கு உள்ளே நீட்டி நின்ற கார் இப்போது ரோட்டைப் பார்த்து நின்றது. ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல் மறுபடி கேஜை வைத்தாள். பத்து நிமிஷத்துக்கு முன்னால் சமமாக நின்ற இரண்டு சக்கரமும் இப்போது ஒன்று உள்பக்கமும் ஒன்று வெளிப்பக்கமும் சாய்ந்திருப்பதாகக் கேஜ் சொன்னது. காரில் எதுவும் மாறவில்லை. திரும்பி நின்றது, அவ்வளவுதான். அப்படியென்றால் கோணல் காரில் இல்லை, கார் நிற்கிற இடத்தில் இருக்கிறது.

எனக்கு வெட்கம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. “உன் கேஜு கெட்டுப் போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு, என் பையிலிருந்து என்னுடைய ரசமட்டத்தை எடுத்து, தரையில் குறுக்குவாக்கில் வைத்தேன். குமிழி இடப்பக்கம் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. இடம் மாற்றி வைத்தேன். மறுபடியும் அங்கேயே போனது. மூன்றாவது தடவை வைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் கேஜில் இருப்பதும் என் ரசமட்டத்தில் இருப்பதும் ஒரே மாதிரிக் குமிழிதான். இத்தனை நாளும் இந்தக் காரில் அவள் அதை வைத்து அளந்துகொண்டிருந்தது என்னுடைய வாட்டத்தை. ஜீப்புக்குச் சாய்வு பார்க்கிற வேலையே இல்லாததால் நாலு வருஷம் அது வெளியே தெரியவில்லை. சாய்வு பார்க்க வேண்டிய முதல் வண்டி வந்ததும் தெரிந்துவிட்டது.

“இப்பவே கடப்பாரை எடுத்துட்டு வாரேன். எல்லாத்தையும் உடைச்சுட்டுப் புதுசாப் போட்டுடறேன்” என்றேன்.

“காங்கிரீட்டு இறுக எத்தனை நாள் மாமா ஆகும்?”

பத்து நாளாவது ஆகும். எங்களிடம் இருந்தது வெள்ளியும் சனியும்.

“தரை பூரா மட்டமா இருக்க வேண்டியதில்லைங்க. நாலு சக்கரம் நிக்கற நாலு எடம் மட்டமா இருந்தாப் போதும். அதை உங்களால பண்ண முடியுமா, முடியாதா?”

இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் டியூப் மட்டத்தோடு போய் நின்றேன். நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதற்கு யாரும் பொய் சொல்லிக்கொடுக்க முடியாது. சக்கரத்துக்குச் சக்கரம் அஞ்சடி. சரியாக அஞ்சு நூல் இறங்கியிருந்தது. என் கை எவ்வளவு துல்லியமாகத் தப்புச் செய்திருக்கிறது என்று அந்த நிலைமையிலும் ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. இது என் புத்தி.

தாழ்ந்த பக்கத்தில் இரண்டு இடத்திலும் டைல்ஸை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதித்தேன். டைல்ஸ் உடைந்துவிடாதா என்று கேட்பீர்கள். அடியில் ஒரு மயிரிழை இடைவெளிகூட இல்லாமல் கலவையில் உட்கார வைத்தால் லாரியே ஏறினாலும் உடையாது. மெல்லிசுக் கலவை ஒரு ராத்திரியில் பிடித்தும் விடும். கஷ்டம் அதில் இல்லை. கஷ்டம் என் கையோடுதான். ஒவ்வொரு தடவையும் மட்டக்கோல் இழுக்கும்போது கை தானாக ஓடைப் பக்கம் சாய்ந்தது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை குழாயில் தண்ணீர் நாலு மூலையிலும் ஒரே கோட்டில் நின்றது. பூங்குழலி குனிந்து பார்த்துவிட்டு, “ஆச்சுங்க மாமா” என்றாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை சக்கரத்துக்கடியில் இரண்டிரண்டு இரும்புத் தகடு வைத்து, நடுவில் கிரீஸ் தடவினாள். மேல்தகடு வழுக்கிக்கொடுத்தால்தான் சக்கரம் தன் இஷ்டப்படி உட்காருமாம். பாயும் அலிமா பீவியும் மறுபடி சீட்டில் உட்கார்ந்தார்கள். சாய்வு, திருப்பம், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மூன்று மணிவரை ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். கடைசியில் காரைத் திருப்பி நிறுத்தி மறுபடி கேஜ் வைத்தாள். மூக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் சக்கரம் இப்போது ஒரே கதையைச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீக்கடையில் நிற்க இடமில்லை. கல்யாணத்துக்குப் போக வேண்டிய ஜீப்புகள் எல்லாம் போகாமல் நின்றன. சந்தோஷ்குமார் செல்போனைத் தூக்கிப் பிடித்துத் தயாராக இருந்தான். பாய் வெள்ளைச் சட்டையில் வந்து கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். அலிமா பீவி ஏறவில்லை.

“ஏனுங்க, நீங்க எறங்குங்க. செஞ்சது அந்தப் புள்ள. கையை விட்டாலும் போகும்னா அவளே கையை விட்டுக் காட்டட்டும். அவ ஓட்டுனா நான் உக்காந்துக்கறேன்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

பூங்குழலி தலைத் துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். “ரோட்டுக்கும் ஓரத்துல வாட்டம் இருக்குமுங்கம்மா. நடு ரோட்டுல போனாத்தான் நெசம் தெரியும்” என்றாள். எதிரில் வரும் வண்டிகளை இரண்டு பேர் போய் நிறுத்திவைத்தார்கள். காரவள்ளிக்கு முன்னால் அரைக் கிலோமீட்டர் ரோடு கோடு போட்டதுபோல் நேராகக் கிடக்கும். அதன் கோடிக்குப் போய்த் திரும்பிய கார் எங்களைப் பார்த்து வந்தது. வேகம் பிடித்தது. நடுக்கோட்டின் மேல் வந்ததும் அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தாள்.

கார் வந்தது. இடப்பக்கமும் போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. வெள்ளைக் கோடு வண்டியின் வயிற்றுக்கடியிலேயே ஓடி ஓடி மறைந்தது. டீக்கடையைத் தாண்டும்போது அலிமா பீவியும் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். அவர் எதற்குத் தூக்கினார் என்று அவருக்கே தெரியாது. பாய் என் தோளை இறுக்கிப் பிடித்தார். அவர் கண்ணில் தண்ணீர். என் கண்ணைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

கார் நிற்கவே இல்லை. நேராக மலையில் ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் ஜீப்பில் ஏறிப் பின்னாலேயே போனோம். பிடிக்க முடியவில்லை. நாங்கள் பத்தாவது வளைவில் முக்கிக்கொண்டிருந்தபோது மேலே இருபதாவது வளைவில் சிவப்பாக ஒன்று திரும்பியது. சோளக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் கல்யாணப் பந்தலுக்கு முன்னால் கார் நிற்கிறது, அலிமா பீவி பொண்ணு வீட்டுக்காரர்களிடம் எழுபது வளைவையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாயைப் பார்த்து, “பொம்பளைங்க ஓட்டுனா வண்டி நல்லாத்தான் போகுது” என்றார். பாய் கையெடுத்துக் கும்பிட்டார்.

பந்தியில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் சந்தோஷ்குமார்தான் கேட்டான். “அக்கா, அப்படி என்னதான் தப்பு இருந்துச்சு?”

சுற்றி இருபது டிரைவர்கள். பூங்குழலி என்னைப் பார்க்கக்கூட இல்லை. “அளவுல ஒரு தப்பு. என் கடையில நடந்தது. சரி பண்ணிட்டேன்” என்றாள்.

நானும் அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மலை முழுக்க என் தரை, மலை முழுக்க என் பேர். ஆனால் ஒரு வாரமாக அவள் பேர் இந்த வாய்களில் பட்ட பாட்டை நான் பார்த்தவன். எனக்குத் தாங்கவில்லை.

“அவ அளவுல ஒரு தப்பும் இல்லை” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. பந்தியில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். “தப்பு என்னோடது. மட்டமாப் போடச் சொன்ன தரையை நான் வாட்டமாப் போட்டுட்டேன். நாலு வருசமா என் தப்பு மேல நின்னு அவ சரியா வேலை பாத்திருக்கறா. பேசறவங்க இனி என்னைப் பேசுங்க.”

பிறகு சந்தோஷ்குமார் மெல்ல, “அப்ப எங்க ஜீப்பெல்லாம்?” என்றான்.

“உன் ஜீப்புக்கு அந்த வாட்டம் ஒண்ணும் பண்ணாது சாமி” என்றாள் பூங்குழலி. “அதுல சாய்வே பாக்கறதில்லை. நூலு கட்டித் திருப்பம்தான் பாக்கறேன். அது எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு.”

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். “நாமக்கல்ல காலி வண்டியா நிறுத்தி அளந்தாங்க அக்கா. மிளகு ஏத்துனா ஆடுது. நாளைக்குக் கொண்டு வரட்டுங்களா?”

“லோடோட வா” என்று சொல்லிவிட்டு அவள் பாயசம் வாங்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கடப்பாரை, சுத்தியல், சட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தரை முழுவதையும் உடைத்து, வாட்டம் என்ற பேச்சே இல்லாமல் புதிதாகப் போட்டுக் கொடுப்பதாக முந்தின நாளே சத்தியம் பண்ணியிருந்தேன். ரோட்டோரத்தில் பதின்மூன்று வண்டி வரிசையாக நின்றது. ஜீப், மினி லாரி, ஒரு ஸ்கூல் வேன். எல்லாம் லோடோடு. கடைசியில் நான் பார்த்தே இராத ஒரு நீலக் கார். சேலத்திலிருந்து யாரோ ஞாயிற்றுக்கிழமை எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். சந்தோஷ்குமாருக்கு நாலாவது இடம்தான் கிடைத்திருந்தது.

பூங்குழலி ஜீப்புக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினாள்.

“இன்னைக்கு முடியாதுங்க மாமா. தரையை உடைச்சா இத்தனை வண்டிய எங்க நிறுத்தறது? அடுத்த மாசம் பாக்கலாம், போயிட்டு வாங்க.”

கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வேலையில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் வீட்டுக்குப் போனதில்லை.